என் அம்மாவுக்கு 'லாஸ்ட் நேம்' கிடையாது: ஒரு விமான நிறுவனத்துக்குத் திறந்த மடல்

வாடிக்கையாளர் சேவைத் தலைவர் அவர்களுக்கு,

என் அம்மாவின் பெயர் பாக்கியம். அவ்வளவுதான். அதற்கு முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லை. வயது 67. ரேஷன் கார்டில் பாக்கியம், ஆதாரில் பாக்கியம், பேங்க் பாஸ்புக்கில் பாக்கியம். காலடிப்பேட்டை சந்தையில் மீன் வாங்கினாலும் பாக்கியம்தான். உங்கள் செயலிக்கு மட்டும் அது போதவில்லை.

இதுவரை உங்களுக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். நான்குக்கும் ஒரே பதில், ஒரு கால்புள்ளி கூட மாறாமல் வந்தது. அதனால் ஐந்தாவதை எல்லோரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். உங்கள் நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றேதான் போடவில்லை. பிஎன்ஆர் எண்ணும் புகார் எண்ணும் உங்களிடம் இருக்கின்றன, இது யாருக்கு என்று உங்களுக்குத் தெரியும். தவிர, எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் வேறு வேறு நிறுவனங்களில் இதே பள்ளத்தில் விழுந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நடந்ததைச் சொல்கிறேன். என் தங்கை போர்ட் பிளேரில் வாக்கப்பட்டிருக்கிறாள். தலைப் பிரசவம். இங்கே கூட்டி வரலாம் என்றால் டாக்டர் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதனால் அம்மா போவதாக முடிவாயிற்று. பிரசவ தேதிக்கு நான்கு நாள் முன்னால் போய்ச் சேருகிற மாதிரி, இருபத்தாறு நாள் முன்பாகவே உங்கள் செயலியில் டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். ஏஜென்ட் மூலம் இல்லை, வேறு தளம் இல்லை, உங்கள் சொந்தச் செயலி. இதை இப்போதே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், பிறகு தேவைப்படும்.

ஃபர்ஸ்ட் நேம்: பாக்கியம். சரி. லாஸ்ட் நேம் கட்டத்தை வெறுமனே விட்டேன். சிவப்பு எழுத்தில், கட்டாயம் நிரப்பவும் என்றது. அப்பாவின் முன்னெழுத்து 'ஏ' போட்டேன். குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும் என்றது. புள்ளி வைத்துப் பார்த்தேன், சிறப்புக் குறியீடுகள் கூடாது என்றது. மணி இரவு பதினொன்றே முக்கால். நான் கண்ணை மூடித் திறப்பதற்குள் கட்டணம் முன்னூறு ரூபாய் ஏறியும்விட்டது. கடைசியில் அப்பாவின் முழுப்பெயரையே போட்டேன். ஏழுமலை. செயலிக்கு உடனே திருப்தி. 6,214 ரூபாய் எடுத்துக்கொண்டு, பாக்கியம் ஏழுமலை என்ற பெயரில் டிக்கெட் கொடுத்தது.

எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் என் தொழில். நான் மண்ணடியில், துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் இருபது வருடமாக வேலை செய்கிறேன். பில் ஆஃப் லேடிங்கில், அதாவது கப்பல் கம்பெனி சரக்குக்குக் கொடுக்கும் ரசீதில், சரக்கு பெறுபவரின் பெயரில் ஓர் எழுத்து தப்பினால் கன்டெய்னர் யார்டில் நிற்கும், நாளுக்கு நாள் வாடகை ஏறும். பேப்பரில் பெயர் தப்பினால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மறுநாள் காலை 10.42-க்கு உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தேன். டிக்கெட் எடுத்துப் பதினோரு மணி நேரம் கூட ஆகவில்லை. முப்பத்தெட்டு நிமிடம் பாட்டுக் கேட்ட பிறகு ஒருவர் கிடைத்தார். ஆதாரில் பாக்கியம் மட்டும்தான் இருக்கிறது, டிக்கெட்டில் அப்பா பெயர் சேர்ந்திருக்கிறது, திருத்திக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சவுத்ல நிறைய பேருக்கு இப்படித்தான் சார், ஒண்ணும் பிரச்சனை வராது. ஏர்போர்ட்ல பார்த்துப்பாங்க." எழுத்தில் கேட்டேன். அப்படித் தருவதற்கு வழியில்லை என்றார். அந்த அழைப்பின் தொடக்கத்தில், தரத்துக்காகவும் பயிற்சிக்காகவும் பதிவு செய்யப்படுவதாக உங்கள் இயந்திரக் குரல் சொன்னது. அந்தப் பதிவு உங்களிடம்தான் இருக்கிறது.

விமானம் காலை 5.50-க்கு. விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் வரை மெட்ரோ ஓடுகிறது, 2021 பிப்ரவரியில் எங்கள் பக்கம் வரை நீட்டினார்கள். ஆனால் முதல் வண்டியே காலை 5 மணிக்குத்தான். அதிகாலை விமானத்துக்கு வடசென்னைக்காரனுக்கு மெட்ரோ இல்லை. இரண்டரை மணிக்கு ஆட்டோவில் கிளம்பினோம். டோல்கேட் தாண்டியதும் துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. அந்த வரிசையில் நான் பில் போட்ட சரக்கும் இருந்திருக்கும், யார் கண்டது. நல்லவேளை, 3.40-க்கெல்லாம் முனையத்தின் வாசலில் நின்றுவிட்டோம்.

வாசலில் பாதுகாப்புப் படைக்காரர் டிக்கெட்டையும் ஆதாரையும் மாறி மாறிப் பார்த்தார். பெயர் ஒத்துப்போகவில்லை என்றார். நான் ஆதாரைத் திருப்பிக் காட்டினேன். பின்பக்கம் முகவரி தொடங்கும் இடத்தில், ஏழுமலையின் மனைவி என்று அச்சடித்திருக்கிறது. அவர் படித்தார். முகம் கொஞ்சம் இளகியது. "எனக்குப் புரியுது சார். ஏர்லைன்ஸ்காரங்க ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா உள்ள விட்டுடறேன்" என்றார். அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

உங்கள் டிக்கெட் கவுன்டர் வெளியில்தான் இருக்கிறது. கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இளம்பெண். பெயரை மாற்ற அனுமதி இல்லை என்றார். பெயர் மாற்றம் கேட்கவில்லை, திருத்தம் கேட்கிறேன் என்றேன். இரண்டும் ஒன்றுதான் சார், சிஸ்டம் விடாது என்றார். ஆதாரின் பின்பக்கத்தைக் காட்டினேன். பின்பக்கத்தை நாங்கள் பார்க்க மாட்டோம் என்றார். போன் செய்தபோது உங்கள் ஆள் சொன்னதைச் சொன்னேன். அதற்கு ரெக்கார்ட் இல்லை என்றார். டியூட்டி மேனேஜரைக் கூப்பிடச் சொன்னேன். இன்டர்காமில் பேசினார், பத்து நிமிடம், இன்னொரு பத்து நிமிடம். மேனேஜர் வரவேயில்லை. புறப்பட ஒரு மணி நேரம் முன்பு செக்-இன் மூடிவிடும் என்பது உங்கள் விதி. 4.50-க்கு அந்தப் பெண் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "க்ளோஸ் ஆயிடுச்சு சார். இனி நோ-ஷோ." வராத பயணி என்று கணக்கு.

அந்த ஒரு மணி பத்து நிமிடமும் அம்மா வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் மஞ்சப்பை. அதற்குள் வெள்ளைப்பூண்டு லேகியம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில், பாப்பாவுக்கு வசம்பு வளையல், கிழித்துத் துவைத்து மடித்த பழைய நூல் புடவைத் துணிகள். ஆதார் அட்டையை அதன் பிளாஸ்டிக் உறையோடு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிற பிள்ளை ஹால் டிக்கெட்டைப் பிடித்திருக்குமே, அந்த மாதிரி. நான் வந்து விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "உங்கப்பா பேரப் போட்டதா தப்பு?"

அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு வேறு விமானத்தில் இடமில்லை. மறுநாளுக்கு அதே கவுன்டரில் புது டிக்கெட் எடுத்தேன். 13,870 ரூபாய். இப்போது கவனியுங்கள். லாஸ்ட் நேம் என்ன போடப் போகிறீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். "இல்லாதவங்களுக்கு அதே பேரையே ரெண்டு தடவை போடுவோம் சார்" என்று சொல்லி, பாக்கியம் பாக்கியம் என்று அடித்துக் கொடுத்தார். மறுநாள் அதே வாசலில் அந்த டிக்கெட் தடையில்லாமல் போயிற்று.

எந்த ஆவணத்திலும் இல்லாத ஒரு பெயர் செல்லும். ஆதார் அட்டையின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் கணவர் பெயர் செல்லாது. இந்த இரட்டைப் பெயர் வித்தை உங்கள் ஊழியருக்குத் தெரிகிறது. செயலியில் அந்தக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வரி எழுதிவைத்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். எனக்கு 13,870 ரூபாய் செலவாகியிருக்காது. டிக்கெட்டைப் பார்த்த அம்மா மட்டும், "இன்னாடா இது, ரெண்டு பாக்கியமா? ஒருத்திக்கே துட்டு பத்தலியே" என்றார். அந்த இரண்டு நாளில் நாங்கள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

தங்கைக்கு அன்றிரவே வலி கண்டுவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர்தான் ஆஸ்பத்திரியில் கூட இருந்தார். தாயும் பிள்ளையும் நலம். பிரசவம் முந்திக்கொண்டதற்கு உங்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் என் அம்மா அன்றிரவு இருந்திருக்க வேண்டிய இடம் அது. காலடிப்பேட்டையில் லேகிய பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார்.

பெயர் விஷயத்தில் நீங்கள் கெடுபிடியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒருவர் பெயரில் எடுத்த டிக்கெட்டை இன்னொருவருக்கு விற்றுவிடக் கூடாது, பாதுகாப்பும் இருக்கிறது. சரி. ஆனால் பாக்கியம் என்பவருக்குப் பதில் சரோஜா என்பவர் வந்து நின்றால்தானே அது பெயர் மாற்றம்? அதே ஆள், அதே முகம், அதே வயது, பெயரில் ஒரு பகுதி கூடுதல் என்றால் அது திருத்தம். எங்கள் தொழிலிலும் திருத்தக் கட்டணம் உண்டு. கப்பல் கம்பெனி ஆபீசில் வரிசையில் நின்று கட்டியிருக்கிறேன். ஆனால் அங்கே ஒரு நியாயம் இருக்கிறது: தப்பு யார் கையால் நடந்ததோ அவர் கட்டுவார். கப்பல் கம்பெனியே தப்பாக அடித்தால் அவர்கள் செலவில் அவர்களே திருத்துவார்கள். இங்கே கட்டத்தைக் கட்டாயமாக்கியது நீங்கள், ஓர் எழுத்தை ஏற்க மறுத்தது நீங்கள், கட்டியது நான்.

உங்கள் அலுவலகம் வேறெங்கோ இருக்கலாம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் குடும்பப்பெயர் என்று ஒன்று பெரும்பாலும் இல்லை. அப்பா பெயரின் முதல் எழுத்துத்தான் எங்களுக்குப் பெயரின் மறுபாதி. அது எங்கள் மறதியால் வந்ததல்ல. 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில், பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தைக் கழற்றிப் போடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். பலர் அங்கேயே கழற்றினார்கள். பின்னால் அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. நீங்கள் கட்டாயம் நிரப்பச் சொல்லும் அந்தக் கட்டத்தை எங்கள் ஆட்கள் யோசித்துத்தான் காலி செய்தார்கள்.

வெகுதூரம் போக வேண்டாம். சென்னை விமான நிலையத்தின் உள்நாட்டு முனையத்துக்குக் காமராசர் பெயர், பன்னாட்டு முனையத்துக்கு அண்ணா பெயர். கு. காமராசர். சி.என். அண்ணாதுரை. இருவருக்கும் முன்னெழுத்துத்தான். இன்று காமராசர் தன் பெயர் வைத்த முனையத்திலிருந்தே டெல்லிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொண்டால், 'கு' ஒற்றை எழுத்து, செல்லாது என்று சிவப்பில் காட்டும் உங்கள் செயலி. அப்புறம் காமராசர் காமராசர் என்று போடுவீர்களா?

இது கணினியின் பிரச்சனை என்று உங்கள் இரண்டாவது மின்னஞ்சலில் ஒரு வரி இருந்தது. கணினி பாவம். விமான முன்பதிவுக் கணினிகள் 1960களில் அமெரிக்காவில் பிறந்தவை. அவற்றில் குடும்பப்பெயர், நடுவில் ஒரு சாய்கோடு, பிறகு ஆளின் பெயர் என்றுதான் அமைப்பு, அந்த ஊர் வழக்கம் அது. அறுபது வருடமாக உலகம் முழுக்க அதையே ஓட்டுகிறோம். ஆனால் பாஸ்போர்ட்டுகளுக்கு விதி வகுக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 9303 எண் ஆவணம், பெயரை இரண்டாகப் பிரிக்க முடியாதவர்களுக்கு ஒரே பகுதியாக எழுத இடம் கொடுக்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் விண்ணப்பத்திலும் குடும்பப்பெயர் கட்டாயமில்லை. பன்னாட்டு எல்லையைத் தாண்ட ஒற்றைப் பெயர் போதும் என்கிற உலகத்தில், உள்ளூர் விமானம் ஏற அது போதாது என்பது உங்கள் ஏற்பாடுதான்.

எல்லைகளிலும் எல்லாம் சுமுகம் என்று சொல்ல வரவில்லை. 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் வர முடியாது என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, துபாய்க்குக் கிளம்பத் தயாராக இருந்த எத்தனையோ பேருக்கு வயிற்றில் புளி கரைந்தது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று வழிவிட்டார்கள். பாருங்கள், ஒரு நாட்டின் குடியேற்றத் துறை பின்பக்கத்தைப் பார்க்கச் சம்மதித்தது. உங்கள் கவுன்டர் சம்மதிக்கவில்லை.

போர்ட் பிளேருக்கே 2024-ல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றினார்கள். உங்கள் செயலியில் அந்த ஊருக்குத் திருத்தக் கட்டணம் கேட்டீர்களா என்று தெரியவில்லை.

ஏழு வருடம் முன்பு அம்மா இதே ஊருக்குக் கப்பலில் போயிருக்கிறார். துறைமுகத்தில் ஏறினால் மூன்று நாள். பங்க் (அடுக்குப் படுக்கை) டிக்கெட், பெயர் பாக்கியம், யாரும் எதுவும் கேட்கவில்லை. கடலில் ஒரே குமட்டல், இனி கப்பலே வேண்டாம் என்று அப்போது சொன்னவர், இப்போது "கப்பலே தேவலாம்" என்கிறார்.

இனி விதிக்கு வருகிறேன். நேரடியாக உங்கள் தளத்தில் எடுத்த டிக்கெட்டில், அதே ஆளின் பெயரில் உள்ள பிழையை 24 மணி நேரத்துக்குள் சொன்னால் கட்டணம் வாங்காமல் திருத்த வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதி. நான் பதினோரு மணி நேரத்துக்குள் சொன்னேன். பயணி போகாமல் விட்ட டிக்கெட்டாக இருந்தாலும், அடிப்படைக் கட்டணம் திரும்பத் தர முடியாத வகை என்றாலும், அதிலுள்ள அரசு வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே இயக்குநரகத்தின் விதி. நீங்கள் அனுப்பிய பதிலில் 'நோ-ஷோ, திரும்பத் தர இயலாது' என்ற ஒரு வரிதான் இருந்தது. வரிப்பணம் கூட வரவில்லை.

உங்கள் உரையாடல் இயந்திரத்திடமும் (சாட்பாட்) முறையிட்டுப் பார்த்தேன். புகாரைத் திறக்க அது முதலில் கேட்டது லாஸ்ட் நேம். லாஸ்ட் நேம் இல்லை என்பதுதான் புகார் என்று அதற்கு எப்படிச் சொல்வது? ஏழுமலை என்று போட்டுத்தான் உள்ளே போனேன். விமானப் பயணிகளின் புகார்களுக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும் பதிந்தேன். அங்கே நீங்கள் கொடுத்த விளக்கம், பயணி சரியான அடையாள அட்டை கொண்டுவரவில்லை என்பது. இது பொய். அட்டை சரியானது. மறுநாள் அதே அட்டையில்தான் அம்மா விமானம் ஏறினார்.

நான் கேட்பவை இவை. என் அழைப்பின் ஒலிப்பதிவை எடுத்துக் கேளுங்கள். அதன் நகலை எனக்கு அனுப்புங்கள். உங்கள் ஆள் சொன்னது அதில் இருந்தால், முதல் டிக்கெட்டுக்குக் கட்டிய 6,214 ரூபாயையும், இரண்டாவது டிக்கெட்டுக்குக் கூடுதலாகப் போன 7,656 ரூபாயையும் திருப்பித் தாருங்கள். இல்லை என்று நீங்கள் சாதித்தாலும், முதல் டிக்கெட்டின் வரிகளையும் பயன்பாட்டுக் கட்டணத்தையும் கணக்குப் போட்டு அனுப்பியே ஆக வேண்டும், அதில் பேச்சே இல்லை. ஏர்சேவாவில் என் அம்மாவைப் பற்றி எழுதிய தவறான வரியைத் திரும்பப் பெறுங்கள்.

செயலியில் லாஸ்ட் நேம் கட்டத்தைக் கட்டாயமில்லாததாக மாற்றுங்கள். கணினி அமைப்பை மாற்ற நாளாகும் என்றால், அதுவரை கட்டத்துக்கு அருகிலேயே, ஒற்றைப் பெயர் உள்ளவர்கள் இப்படி நிரப்பவும் என்று தமிழிலும் எழுதிவையுங்கள். பணம் கட்டுவதற்கு முன் கண்ணில் படுகிற இடத்தில் எழுதுங்கள், விதிமுறைகளின் நாற்பதாவது பத்தியில் வேண்டாம். சென்னை கவுன்டரில் இரவுப் பணியில் இருப்பவருக்கு, அதே ஆள்தான் என்று அட்டையில் தெரிந்தால் பெயரைத் திருத்திக் கொடுக்கும் அதிகாரத்தைக் கொடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அந்தப் பெண்ணுக்கு மனசு இருந்தது, பட்டன்தான் இல்லை.

முப்பது நாள் காத்திருப்பேன். அதன் பிறகு நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ம் ஆண்டுச் சட்டப்படி நான் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. உங்கள் வக்கீல்தான் வடசென்னைக்கு வர வேண்டியிருக்கும்.

இன்னொன்று, இதற்கு மட்டும் உடனே பதில் வேண்டும். பேரனுக்கு மூன்று மாதம் ஆனதும் அம்மா ஊர் திரும்புகிறார். அந்தத் தடத்தில் எங்களுக்குத் தோதான நேரம் உங்கள் விமானம்தான். இன்னும் டிக்கெட் எடுக்கவில்லை. லாஸ்ட் நேம் கட்டத்தில் நான் என்ன போட வேண்டும் என்று எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு, அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
பாக்கியத்தின் மகன்
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்